சுமையில்லாமல் அளந்த வோல்ட்

வீட்டில் ஒரு மின்னணுச் சாதனம் இயங்காமல் போய், அதைப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "போர்டு போயிடுச்சு" என்பதுதான். அப்படிச் சொல்லி ஒதுக்கப்பட்ட செட் டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், மேசைக் கணினி என்று பலவற்றை ஓய்வு நேரத்தில் திறந்து பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவற்றில் கணிசமானவற்றின் போர்டில் எந்தக் குறையும் இருப்பதில்லை, அந்தப் போர்டுக்கு வந்து சேரவேண்டிய மின்சாரம் வரவேண்டிய அளவில் வரவில்லை, அவ்வளவுதான். பவர் சப்ளையைச் சோதித்துவிட்டோம், மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது, ஆகவே பழுது வேறிடத்தில் இருக்கிறது என்று முடிவு செய்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மீட்டர் அளந்தது சுமை ஏதும், அதாவது மின்சாரத்தை இழுக்கும் சாதனம் எதுவும், இல்லாத நிலையில். சாதனம் படுத்துவிடுவதோ சுமை ஏறிய பிறகு. மல்டிமீட்டர் தான் அளக்கும் சுற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிக மிகச் சொற்பம் என்பதால், ஒரு ஆம்பியர் தரவேண்டிய அடாப்டர் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தர முடியாத நிலைக்கு வந்திருந்தாலும் மீட்டரின் திரையில் அழகாக 12.1 என்றே தெரியும்.

சுவரிலிருந்தே இந்தச் சிக்கல் தொடங்குகிறது. பிளக் பாயின்டில் கரண்டு இருக்கிறதா என்று பார்க்க நம் வீடுகளில் எடுப்பது நியான் விளக்கு வைத்த டெஸ்டர். அது எரிந்தால் அந்தத் துளையில் ஃபேஸ் இருக்கிறது என்பது மட்டுமே உறுதியாகிறது. சுற்றை முழுமையாக்கும் நியூட்ரல் கம்பி எங்கோ தளர்ந்து கழன்றிருந்தாலும் டெஸ்டர் அதே பிரகாசத்துடன்தான் எரியும். நியூட்ரல் அறுந்த சுற்றில் ஏதாவது ஒரு சாதனம் சுவிட்ச் போட்ட நிலையில் செருகியிருந்தால், இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிந்து பார்ப்பவரைக் குழப்பும். டிஜிட்டல் மீட்டரும் இங்கே ஏமாற்றக்கூடியது. தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியில் பக்கத்துக் கம்பியின் தூண்டலால் ஏறும் அறுபது, எழுபது வோல்ட்டை அது உண்மையான மின்னழுத்தம் போலவே காட்டிவிடும். ஆகவே என் முதல் கருவி, ஹோல்டரில் மாட்டிய பழைய 60 வாட் குண்டு பல்பு. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் அது முழு வெளிச்சத்துடன் நிலையாக எரிந்தால் சுவர் வரை சரி. மங்கினாலோ, சுவிட்சைத் தட்டும்போது துடித்தாலோ சாதனத்தைத் தொடவேண்டிய தேவையே இல்லை. மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களின் உள்ளே பித்தளைத் தகடு விரிந்து பிளக்கின் காலைப் பிடிக்காமல் இருப்பதும், அந்த இடம் கருகி இருப்பதும் மிகச் சாதாரணம். கணினி அடிக்கடி தானாக மீண்டும் தொடங்குகிறது என்று அழைத்த ஒரு வீட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஒதுக்கிவிட்டுச் சுவரில் நேராகச் செருகியதோடு வேலை முடிந்துபோனது.

இதே இடத்தில் எர்த்தையும் பார்த்துவிடுவது நல்லது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் ஏறத்தாழ 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் சில வோல்ட்டும் இருக்கவேண்டும். கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்கு ஒவ்வொன்றாக இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) இணைக்கப்பட்டிருக்கின்றன; உயர் அதிர்வெண் இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. எர்த் கம்பி இல்லாத வீட்டில் இரண்டும் சேர்ந்து பெட்டியை 230-க்குப் பாதியான சுமார் 115 வோல்ட்டில் நிறுத்திவிடுகின்றன. அதன் வழியே வரும் மின்னோட்டம் மில்லிஆம்பியரில் ஒரு பின்னம்தான் என்றாலும், எஸ்எம்பிஎஸ் பழுது என்று நினைத்து அதை மாற்றுவதில் பயனில்லை, ஏனென்றால் புதிதிலும் அதே கெப்பாசிட்டர்கள் இருக்கும். சரிசெய்ய வேண்டியது வீட்டின் எர்த்.

இனி அடாப்டருக்கு வருவோம். ரவுட்டர், செட் டாப் பாக்ஸ், சிசிடிவி கேமரா ஆகியவற்றுக்கு வரும் 12 வோல்ட் அடாப்டர்களைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இருசக்கர வாகனங்களின் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 10 வாட் பல்பு எந்த மெக்கானிக் கடையிலும் கிடைக்கும். அது எரியும்போது 0.8 ஆம்பியருக்குச் சற்று அதிகமாக இழுக்கும் என்பதால், ஒரு ஆம்பியர் அடாப்டருக்கு ஏறக்குறைய உண்மையான சுமையாக அமைகிறது. பல்பை இணைத்த நிலையில் அடாப்டரின் முனையில் மீட்டரை வைத்துப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். நல்ல அடாப்டர் 12-லிருந்து மிகச் சிறிதளவே இறங்கி அங்கேயே நிற்கும். கெட்டது ஒன்பதுக்கோ எட்டுக்கோ சரியும், அல்லது பல்பு விட்டுவிட்டு மினுக்கும், அல்லது தொடக்கத்தில் சரியாக இருந்து சூடேறிய பின் தளரும். குளிர்ந்த நிலையிலுள்ள பல்பின் இழைக்கு மின்தடை மிகக் குறைவு என்பதால், முதல் கணத்தில் ஓர் அடாப்டர் தடுமாறி உடனே நிமிர்ந்தால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சோதனையின்போது கம்பியை, சாதனத்தில் செருகும் பின்னின் அருகிலும், அடாப்டரிலிருந்து வெளிவரும் இடத்திலும் மெதுவாக வளைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே செப்பு இழைகளில் பெரும்பாலானவை அறுந்து ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சியிருக்கும் கம்பி, மீட்டருக்கு முழு வோல்ட்டையும் காட்டி, பல்புக்கு எதுவும் தராது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், "தம்பி, சாயங்காலம் ஆனா நெட்டு கட்டாகுது, கம்பெனிக்காரங்க ரவுட்டரை மாத்தணும்னு சொல்றாங்க" என்று ரவுட்டரைக் கொண்டுவந்தார். பகலில் ஒருவர் மட்டும் கைப்பேசியில் செய்தி பார்க்கும்போது ரவுட்டர் இழுக்கும் மின்னோட்டம் குறைவு. மாலையில் வீட்டிலுள்ள அனைவரும் இணைந்து படம் பார்க்கத் தொடங்கியதும் அது கூடுகிறது. கூடியதும் அடாப்டர் தளர்ந்து, ரவுட்டர் தன்னைத்தானே அணைத்து மீண்டும் எழுகிறது. பெட்டியில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒருகணம் ஒன்றாக அணைந்து மீண்டும் வரிசையாக எரிந்தன என்று அவர் சொன்னதே போதிய தடயம். இணையத் தொடர்பு மட்டும் துண்டித்திருந்தால் பவர் விளக்கு அணைந்திருக்காது. அடாப்டரை மாற்றும்போது வோல்ட் அதே அளவாகவும், ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கவேண்டும், பின்னின் நடுமுனை நேரா எதிரா என்பது பழைய அடாப்டரின் மேல் அச்சிட்ட குறியோடு பொருந்தவேண்டும் என்பவற்றை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் ரவுட்டர் எரிந்துவிடும் என்ற அச்சத்துக்குக் காரணமில்லை. தேவையானதை மட்டுமே அது இழுத்துக்கொள்ளும்.

அடாப்டர் ஏன் இப்படித் தளர்கிறது என்று கேட்டால், பெரும்பாலான நேரங்களில் பதில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். அதன் உள்ளே இருக்கும் மின்பகுளித் திரவம் வெப்பத்தில் மெல்ல மெல்ல வற்றுகிறது. சாதாரணத் தரத்து கெப்பாசிட்டர் ஒன்றின் உறையில் 105 டிகிரி என்று எழுதியிருக்கும். அந்த வெப்பநிலையில் 2000 மணி நேரம் உழைக்கும் என்பது அதன் தயாரிப்பாளர் தரும் கணக்கு. வெப்பநிலை பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும் என்பது துறையில் எல்லாரும் கையாளும் தோராய விதி. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், தொலைக்காட்சிக்குப் பின்னே காற்றில்லாத இடத்தில் கிடக்கும் அடாப்டரின் உள்ளே 75 டிகிரி இருப்பதாக வைத்துக்கொண்டால் 16,000 மணி நேரம் கிடைக்கிறது. ரவுட்டரை யாரும் அணைப்பதில்லை; ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதாவது இரண்டு ஆண்டு நிறைவதற்குள் அந்த கெப்பாசிட்டர் தன் கணக்கை முடித்துக்கொள்கிறது. அடாப்டரைத் தரையிலிருந்து எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, உள்வெப்பத்தைப் பத்து டிகிரி குறைத்தாலே இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கிடைத்துவிடும்.

கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் கண்டுபிடிப்பது எளிது. 2000-களின் முற்பகுதியில் கணினி மதர்போர்டுகளில் இந்த உப்பிய தலைகளைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. சேர்மானம் பிசகிய மின்பகுளி நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து வெடித்த காலம் அது, டெல் நிறுவனம் 2005-இல் தன் கணினிகளைச் சரிசெய்ய 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. இன்றைய பழுதுகள் அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. உப்பாமல், ஒழுகாமல், புதிது போல நிற்கும் கெப்பாசிட்டரின் உள்தடை மட்டும் பல மடங்கு கூடியிருக்கும். மீட்டரின் கொள்ளளவு அளவையில் வைத்தால் 1000 மைக்ரோஃபாரட் என்றே ஏறக்குறைய சரியாகக் காட்டும். மீட்டர் மிக மெதுவாக, மிகச் சிறிய மின்னோட்டத்தில் அளக்கிறது. கெப்பாசிட்டர் வேலை செய்யவேண்டியதோ விநாடிக்குப் பல்லாயிரம் முறை ஆம்பியர் கணக்கில் உள்ளே வாங்கி வெளியே விடும் சுற்றில். இந்த உள்தடையை அளப்பதற்கென இஎஸ்ஆர் மீட்டர் என்று தனிக் கருவி இருக்கிறது. வீட்டில் பொழுதுபோக்காகப் பழுது பார்ப்பவர் இரண்டாவதாக ஒரு கருவி வாங்குவதானால் அதைத்தான் வாங்கவேண்டும், மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பை அல்ல என்பது என் கருத்து. அது இல்லாதவர்கள், சந்தேகப்படும் கெப்பாசிட்டரின் கால்களுக்கு இணையாக, முனை மாறாமல், புதிய ஒன்றைப் போர்டின் அடிப்பக்கத்தில் தற்காலிகமாகப் பற்றவைத்து பல்புச் சோதனையை மீண்டும் செய்து பார்க்கலாம். சரிந்த வோல்ட் நிமிர்ந்தால் பழுது கையில் அகப்பட்டது.

மாற்றாகப் போடுவதற்கு அதே மைக்ரோஃபாரட், அதே அளவோ அதற்கு மேலோ வோல்ட், 105 டிகிரி, குறைந்த உள்தடை என்று கேட்டு வாங்கவேண்டும். மின்னணுப் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் எல்லாத் தரத்திலும் கிடைக்கின்றன. அளவுக்கு மீறி எடை குறைந்த, உறையைத் தள்ளினால் சுழலும் சரக்கை வாங்காதீர்கள்; பெரிய உறைக்குள் சிறிய கெப்பாசிட்டரை ஒளித்துவைத்து விற்கும் கூத்தெல்லாம் இந்தச் சந்தையில் உண்டு.

பெட்டியைத் திறந்து உள்ளே போவதற்கு முன் சுற்று எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகவாவது அறிந்திருக்க வேண்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரம் ஃபியூஸ், வோல்ட் எகிறும்போது காக்கும் வேரிஸ்டர், தொடக்கத்தில் பாயும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தெர்மிஸ்டர் ஆகியவற்றைக் கடந்து, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் நான்கு டயோடுகளாலான பிரிட்ஜில் நேர்மின்சாரமாகி, ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட்டாகத் தேங்குகிறது. அந்த 325 வோல்ட்டை சுவிட்ச் போல இயங்கும் ஒரு மாஸ்ஃபெட் விநாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துத் துண்டித்து ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்ப, மறுபக்கம் வரும் குறைந்த வோல்ட்டை வேகமான டயோடும் கெப்பாசிட்டரும் சேர்ந்து 12 அல்லது 5 வோல்ட்டாக்குகின்றன. வெளியே வோல்ட் கூடுகிறதா குறைகிறதா என்பதை ஓர் ஆப்டோகப்ளர் ஒளி வழியாக இந்தப் பக்கம் தெரிவிக்க, கட்டுப்பாட்டு ஐசி (சில்லு) அதற்கேற்ப மாஸ்ஃபெட்டை முடுக்குகிறது.

இதில் உயிருக்கு ஆபத்தானது அந்த 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கக்கூடும். புதிய கணினி எஸ்எம்பிஎஸ்களில், சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்கவைக்கும் பிஎஃப்சி சுற்று இருப்பதால் 380 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். திருப்புளியால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்கவிடும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. 1 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களில் உறையிட்ட கம்பிகளை இணைத்துவைத்துக்கொண்டு, அதைக் கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் சில விநாடி வைத்துவிட்டு, மீட்டரால் அளந்து சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதை உறுதிசெய்த பிறகே கை உள்ளே போகவேண்டும். மின்சாரம் இருக்கும்போது உள்ளே அளக்கவேண்டி வந்தால், பயிற்சி இல்லாதவர்கள் அதைச் செய்யாமல் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே சரி. இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் அதில் இறங்க வேண்டாம்.

ஃபியூஸைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். கண்ணாடி கருத்து, உள்ளே உலோகம் தெறித்துப் படிந்திருந்தால் பின்னால் முழு ஷார்ட் இருக்கிறது: பிரிட்ஜ், மாஸ்ஃபெட், வேரிஸ்டர் இந்த மூன்றில் ஒன்று. மீட்டரை டயோடு அளவையில் வைத்து, எந்தத் திசையில் வைத்தாலும் பூஜ்யம் காட்டி ஓசை எழுப்புவது எது என்று தேடினால் கிடைத்துவிடும். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு மின்சாரம் கொடுப்பது பணத்தை எரிப்பதற்குச் சமம். அதன் காலோடு இருக்கும் ஓர் ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டரும், அதை இயக்கும் ஐசியும் அநேகமாக அதோடு சேர்ந்தே போயிருக்கும். மாற்றிய பின் முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது அதே 60 வாட் குண்டு பல்பைத் தொடரிணைப்பில் வைத்துக் கொடுக்கவேண்டும். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு அணைந்தால் அல்லது மங்கினால், பெரிய கெப்பாசிட்டர் நிரம்பிவிட்டது, ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, ஆனால் புதிதாகப் போட்ட பாகங்கள் பிழைத்துக்கொண்டன. எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது என்பதால், கடைகளில் அரிதாகிவரும் குண்டு பல்புகளில் இரண்டை வாங்கிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

ஃபியூஸ் நன்றாக இருந்து, பெரிய கெப்பாசிட்டரிலும் 325 வோல்ட் இருந்து, வெளியே எதுவும் வராவிட்டால் சிக்கல் தொடக்கச் சுற்றில். பழைய சாதனங்களில் பரவலாகக் காணப்படும் யுசி 3842 போன்ற ஐசி, தன் மின்முனையில் 16 வோல்ட் சேர்ந்தால்தான் விழிக்கும். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உறங்கிவிடும். 325 வோல்ட்டிலிருந்து உயர் மதிப்புள்ள ரெசிஸ்டர் ஒன்று சொட்டுச் சொட்டாக ஒரு சிறிய கெப்பாசிட்டரை நிரப்பி அந்த 16 வோல்ட்டைத் தருகிறது. ஐசி விழித்தபின் டிரான்ஸ்ஃபார்மரின் துணைச்சுற்று அதைத் தாங்கிக்கொள்கிறது. விரல் நகத்தளவே உள்ள அந்தச் சிறிய கெப்பாசிட்டர், பெரும்பாலும் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், வற்றிவிட்டால் ஐசி விழித்த கணத்திலேயே மறுபடி உறங்கிவிடும். "ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது, நேற்று கரண்டு போய் வந்த பிறகு வரவே இல்லை" என்று ஒருவர் சொன்னால் என் கை முதலில் போவது இந்தக் கெப்பாசிட்டருக்குத்தான். ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் பலவீனம் வெளியே தெரியாது; கரண்டு போய் மீண்டும் தொடங்கவேண்டிய கட்டாயம் ஏற்படும்போதுதான் தெரியும். மின்வாரியத்தைத் திட்டுவதில் அர்த்தமில்லை. சாதனத்திலிருந்து சீராக டிக், டிக் என்று ஓசை வந்தாலும் இதே கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம். அல்லது வெளிப்பக்க டயோடு ஷார்ட் ஆகி, ஐசி முயன்று முயன்று பின்வாங்குகிறது என்றும் பொருள்படலாம். மின்சாரம் இல்லாமல் வெளிப்பக்க டயோடை அளந்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

மேசைக் கணினிக்கு இதே முறைதான், ஆனால் வெளியே வரும் கம்பிகள் அதிகம். பவர் பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை என்றால், 24 முனை இணைப்பானில் ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். கணினி அணைந்திருக்கும்போதும் இது இருக்கவேண்டிய வோல்ட். இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்தான் பழுது, அல்லது மதர்போர்டு அதை ஷார்ட் செய்கிறது. இணைப்பானைக் கழற்றி மீண்டும் அளந்தால் எது என்று பிரிந்துவிடும். ஊதாவில் 5 இருந்தால், கழற்றிய இணைப்பானில் பச்சைக் கம்பியைக் கருப்புடன் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து விசிறி சுழல்கிறதா என்று பார்ப்பது வழக்கம். எல்லாக் கம்பிகளும் கருப்பாகவே வரும் புதிய எஸ்எம்பிஎஸ்களில் பச்சைக்குரியது 16-ஆம் முனை. அதன் இருபக்கமும் உள்ள 15, 17 இரண்டுமே கிரவுண்டு, அதாவது கருப்புக்குரியவை. இந்தச் சோதனை தோற்றால் எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். வென்றால் அது நல்லது என்று சொல்லவே முடியாது. விசிறியைச் சுழற்றுவதற்கு இரண்டு மூன்று வாட் போதும்.

ஆகவே உண்மையான சோதனை கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். இணைப்பானின் பின்புறத்திலிருந்து மீட்டரின் முனையைக் கம்பியோடு ஒட்டிச் செருகி, கணினிக்குக் கடுமையான வேலை கொடுத்து அளக்கவேண்டும். கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் தரவரையறையின் 2-ஆம் வரிசை ஐந்து சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது: 12 வோல்ட் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது, 5 வோல்ட் 4.75-க்குக் கீழே இறங்கக் கூடாது. வேலை இல்லாதபோது 12.1 இருந்து, விளையாட்டைத் தொடங்கியதும் 11.2 ஆகிறதென்றால் முடிவு தெளிவு. சாம்பல் நிறக் கம்பி இன்னொரு சாட்சி. எல்லா வோல்ட்டும் நிலைபெற்றுவிட்டன என்று எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குச் சொல்லும் கம்பி அது, தொடங்கிய 100 முதல் 500 மில்லிநொடிக்குள் உயர்ந்துவிட வேண்டும். அது உயராவிட்டால் விசிறிகள் எல்லாம் சுற்றினாலும் திரையில் எதுவும் வராது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் கெர்னல் பவர் 41 என்று இருப்பதைக் காட்டி எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; முறையாக மூடப்படாமல் கணினி நின்றது என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறெதையும் சொல்வதில்லை, ரேம் பழுதுக்கும் அதே பதிவுதான் வரும்.

மேலே ஒட்டியிருக்கும் வாட் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 450 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மலிவான பெட்டியின் ஓரத்து அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர் என்று இருந்தால் அங்கே கிடைப்பது 180 வாட்தான். இன்றைய கணினியின் புராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதையும் அந்த 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன.

யுபிஎஸ் இருந்தும் கரண்டு போகும்போது கணினி அணைந்துவிடுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் யுபிஎஸ் பேட்டரியை மாற்றிவிடுகிறார்கள். பேட்டரி தேய்ந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் யுபிஎஸ் மாறிக்கொள்ளும் சில மில்லிநொடி இடைவெளியைத் தாங்கவேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெப்பாசிட்டர்; முழுச் சுமையில் சுமார் 16 மில்லிநொடி தாங்கவேண்டும் என்பது அதே வரிசையின் வரையறை. கெப்பாசிட்டர் வற்றினால் அந்தக் காலம் சுருங்கி, யுபிஎஸ் கண்ணிமைப்பதற்குள் கணினி விழுந்துவிடும். யுபிஎஸ்ஸில் கணினிக்குப் பதிலாக அதே 60 வாட் பல்பை மாட்டி, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பல்பு தொடர்ந்து சில நிமிடங்கள் எரிந்தால் பேட்டரியைக் குறைசொல்லும் முன் எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்க்கவேண்டும்.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒலி வந்து படம் வராவிட்டால், இருட்டில் திரையின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் போர்டும் திரையும் நலம், பின்னொளிப் பட்டைகளோ அவற்றுக்கு மின்சாரம் தரும் பகுதியோதான் பழுது.

ஒரே தெருவில் ஒரே இரவில் பல வீடுகளின் சாதனங்கள் சேர்ந்தே இறந்தால் காரணம் வேறு. கம்பத்தில் மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் அறுந்துவிட்டால், வெவ்வேறு ஃபேஸில் உள்ள வீடுகள் ஒன்றோடொன்று தொடரிணைப்பில் அமைந்து, குறைந்த சுமையுள்ள வீட்டுக்கு 230-க்குப் பதிலாக 400-ஐ நெருங்கும் வோல்ட் வந்துவிடும். பல்புகள் திடீரென அதிக வெளிச்சத்துடன் எரிந்தால் வேறெதையும் யோசிக்காமல் மெயினை அணைக்கவேண்டும். எங்கள் பகுதியில் அப்படி நேர்ந்த ஓர் இரவுக்குப் பிறகு வந்த போர்டுகளில் பலவற்றில் பழுது ஒன்றே: நீல வட்டு போன்ற வேரிஸ்டர் கருகிப் பிளந்து, ஃபியூஸ் போயிருந்தது. 471 என்று எழுதியிருக்கும் அந்த வட்டு 470 வோல்ட்டைத் தாண்டும் உச்சங்களில் தன்னைப் பலிகொடுத்து ஃபியூஸை வீழ்த்துவதற்காகவே வைக்கப்பட்டது. அதைப் பிடுங்கிவிட்டு ஃபியூஸை மட்டும் மாற்றினால் சாதனம் ஓடும்; சில கடைகளில் அப்படித்தான் கொடுத்தனுப்புகிறார்கள். அடுத்த முறை நியூட்ரல் அறும்போது பெரிய கெப்பாசிட்டரே வெடிக்கும். வேரிஸ்டர் சில ரூபாய்தான், அதே எண்ணுள்ளதைப் போட்டுவிட வேண்டும். ஃபியூஸுக்குப் பதில் செப்புக்கம்பி இழையைச் சுற்றுவதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை, எழுதினால் நாகரிகமாக இருக்காது. பெட்டியின் காற்றுத் துளை வழியே புகுந்த பல்லி 325 வோல்ட் பகுதியில் குறுக்கே கிடந்து கருகியிருப்பதும் நம் ஊர்ப் பழுதுகளில் ஒன்று. சுத்தம் செய்து, கரிந்த இடத்தைச் சுரண்டி எடுக்காமல் புதிய பாகம் போட்டால் அந்தக் கரியே மின்சாரத்தைக் கடத்தி மறுபடி எரிக்கும்.

எதைப் பழுது பார்ப்பது, எதை மாற்றிவிடுவது என்பதில் என் வழக்கம் இது: ஒட்டி மூடிய சிறிய அடாப்டரை உடைத்துத் திறப்பதில்லை, நல்லதாக வேறொன்று வாங்கிவிடச் சொல்வேன், ஏனென்றால் மீண்டும் ஒட்டிய உறை 230 வோல்ட்டிலிருந்து ஒரு குழந்தையின் கையைக் காக்கும் என்று என்னால் உறுதிகூற முடியாது. கணினி எஸ்எம்பிஎஸ்ஸில் விசிறி, கெப்பாசிட்டர் வரை பார்ப்பேன்; மாஸ்ஃபெட் வெடித்திருந்தால் விட்டுவிடுவேன். தொலைக்காட்சி, வாஷிங் மெஷின் போன்றவற்றின் போர்டுகளுக்கு மாற்று எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம், ஆகவே அங்கே மட்டும் நேரம் செலவிடுவதில் பொருளுண்டு.

பழுது தீர்ந்த சாதனத்தை உடனே மூடித் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. உறையை மூடி, வழக்கமான சுமையுடன் ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, வெளியே வரும் வோல்ட்டைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பிளக்கைப் பிடுங்கி, முழுதாகக் குளிரும்வரை, முடிந்தால் ஓர் இரவு, அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலையில் மீண்டும் சுவிட்சைப் போட்டுப் பார்க்கவேண்டும். தொடக்கச் சுற்றின் கெப்பாசிட்டர் வற்றிய சாதனம் சூடாக இருக்கும்போது எழுந்துவிடும், குளிர்ந்த நிலையில்தான் எழ மறுக்கும்.